பேங்க்குக்கு ஒரு பத்திரம்

முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனரைத் தெருவே முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். நானும் வாயால் அப்படித்தான் கூப்பிட்டேன். மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன், அதை அச்சில் போட முடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, ஐம்பது வயது ஆவதற்குள் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மாதம் பிறந்தால் ஈரோவில் பணம் வந்து விழும், நம் ரூபாயில் ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்த மனுஷன் அதோடு சும்மா இருந்திருந்தால் ஐந்து குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும். சும்மா கிடக்கிற பணத்தைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் ஒருவரை மட்டும் திட்டி என்ன பயன். இந்த ஊரில் இப்போது யாரைப் பார்த்தாலும் சதுர அடிதான் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் மனை விலை கேட்கிறார். சாவு வீட்டில் பிணத்தை எடுப்பதற்குள் அந்த வீடு எவ்வளவு போகும் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தட்டாஞ்சாவடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பட்டறைக்காரர்கள் பேங்க்கில் லோன் கேட்கும்போது கூடவே கொடுக்கிற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை டைப் செய்வது நான்தான். எவ்வளவு வரும், எவ்வளவு போகும், தவணை கட்ட மிச்சம் நிற்குமா என்று ஏழு வருஷத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கிளி ஜோசியக்காரருக்காவது ஒரு கிளி இருக்கிறது. எனக்கு எக்செல்தான்.

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது எட்டு லட்சம் கொடுத்து அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருஷம் லேத் முன்னால் நின்றதற்கு அதுதான் விலை. அதன் பிறகு அவர் ஒரு சின்னப் பட்டறையில் தினக்கூலிக்குப் போனார். கையில் இருந்த பணம் கரைவதற்குள் அதை எங்காவது கட்டிப்போட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முசியே தன் அப்பாவின் வீட்டை இடித்துவிட்டு, பேங்க்கில் நாற்பத்தைந்து லட்சம் கடன் வாங்கி, கீழேயும் மேலே இரண்டு மாடியுமாக ஆறு போர்ஷன் கட்டி முடித்திருந்தார். கீழே முன்பக்கம் அவரும், தெரு மதாம் என்று கூப்பிடும் அவர் மனைவியும், ஒரு நாயும். மிச்சம் ஐந்துக்கும் ஆள் தேடினார்.

வாடகைக்குக் கிடையாது, போக்கியம்தான் என்றார். போக்கியம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி பண்ணும்போது அதே தொகையை வட்டியில்லாமல் திருப்பி வாங்கிக்கொள்வது. மற்ற நான்கு போர்ஷனுக்கும் பத்து லட்சம் வாங்கினார். எனக்கு மட்டும் எட்டுக்கு இறங்கி வந்தார். நான் அன்று கணக்குப் போட்டேன். எட்டு லட்சத்தை பேங்க்கில் போட்டால் மாதம் நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம் வட்டி வரும். அந்த வீட்டுக்கு வாடகை என்றால் பத்தாயிரம். ஆக, பத்தாயிரம் ரூபாய் வீட்டில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு இருக்கப் போகிறோம், முதலும் பத்திரமாக இருக்கிறது. என் கணவரிடம் இதைச் சொல்லிவிட்டு, முசியேயை ஏமாற்றிவிட்டதாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

அந்தக் கணக்கில் ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை. வாங்கிய நாற்பத்தெட்டு லட்சத்தை அவர் எங்கே வைப்பார் என்ற கேள்வி. ஊரார் லோன் கேட்டு வந்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி அது. என் வீட்டு விஷயத்தில் மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷமே தெரிந்தது. தவளக்குப்பத்துக்கு உள்ளே, கடற்கரைப் பக்கம் போகிற வழியில் ஒரு மனை வாங்கிவிட்டார். நாற்பத்தெட்டு லட்சமும் அதற்குள் போய்விட்டது. அதில் இரண்டு வில்லா கட்டி, பெங்களூர்க்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் நாள் வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார். கட்டுவதற்கு எழுபது லட்சம் லோன் வேண்டும். அதற்கு நாங்கள் குடியிருந்த கட்டடத்தையும் சேர்த்து ஈடு வைக்கப் போகிறார். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போர்ஷனுக்கே வந்து, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னார். வேலை இருக்கும்போது நான் அவருக்குத் தங்கச்சி. மற்ற நாளில் மதாம்.

பேங்க்கில் ஒரு சிக்கல் இருந்தது. பென்ஷன் மட்டும் போதாது, கட்டடத்தின் வாடகை வருமானத்துக்கு ஒப்பந்தம் காட்டுங்கள் என்றார்கள். வாடகையே வராத கட்டடத்துக்கு எங்கிருந்து ஒப்பந்தம் காட்டுவது. முசியே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது வந்த யோசனை யாருடையது என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னுடையது.

ஐந்து குடும்பமும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். வாடகை பத்தாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம், வாடகை ரொக்கமாகக் கொடுக்கப்படுகிறது என்று ஒரு வரி. அது பேங்க்குக்கு. பதினொரு மாதத்துக்கு ஒரு முறை தேதியை மாற்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். உண்மையான போக்கியப் பத்திரம் அவரவர் பீரோவில் இருக்கட்டும். அதைப் பதிவு செய்யவும் வேண்டாம், முத்திரைத் தாள் செலவு மிச்சம். முசியே என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இருந்தது. இத்தனை வருஷ வேலையில் என் ஆடிட்டர் ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் அதில் விழுந்தேன், வேறென்ன சொல்ல.

மற்ற நான்கு குடும்பங்களும் முசியே கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள். நான் கேட்டதால் யோசிக்கவில்லை. கணக்கு தெரிந்த அக்கா, தானே முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பிறகென்ன. ஐந்து பத்திரத்தையும் நானே டைப் செய்தேன். கூலியாகப் பிரான்சிலிருந்து வந்த ஒரு சென்ட் பாட்டில் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கல்யாணத்துக்குக்கூடப் போனேன்.

வில்லாவுக்கான ரிப்போர்ட்டும் நான்தான். ஒரு வில்லாவுக்கு நாள் வாடகை நாலாயிரம், மாதத்தில் பன்னிரண்டு நாள் ஆள் வரும் என்று போட்டிருந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாண்டிச்சேரிய ரொம்பக் கொறச்சலா எடை போடறீங்க தங்கச்சி. இருவதுன்னு போடுங்க."

இருபது என்று மாற்றினேன். ஒரு எண்ணை மாற்றினால் கீழே உள்ள எல்லா எண்ணும் தானாக மாறிக்கொள்ளும். மாதம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருமானம் என்று கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது. பேங்க் மேனேஜரும் அதைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருவர்கூட ஒரு செவ்வாய்க்கிழமை தவளக்குப்பத்துக்குப் போய் எத்தனை பெங்களூர் கார் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. நான் உள்பட.

வில்லா எழும்பியது. திறப்பு விழாவுக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டு கேக் வெட்டினார். அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவாகச் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். சனிக்கிழமை ஆள் வந்தது, ஞாயிறு காலி பண்ணியது. மற்ற ஐந்து நாளும் வாட்ச்மேன் மட்டும் ஏசி போட்டுத் தூங்கினார். மழைக்காலத்தில் போகிற வழி முழுக்கத் தண்ணீர். ஆன்லைனில் புக் செய்கிறவர்களுக்குக் கமிஷன், சலவைக்குக் கூலி, கரண்ட் பில் எல்லாம் போக மாதம் இருபதாயிரம் நின்றால் பெரிது. இரண்டு லோனுக்கும் தவணை ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். பென்ஷன் ஒரு லட்சத்து இருபதாயிரம். மிச்சமாகும் மூவாயிரத்தையும் அந்த இருபதாயிரத்தையும் வைத்து அவர் சாப்பிட வேண்டும், நாய்க்குப் போட வேண்டும், பிரான்சில் படிக்கிற மகளுக்கு அனுப்ப வேண்டும். மகளுக்கு அனுப்பினார். தவணையை விட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. மாதாமாதம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவள் நான். அவர் சமாளித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பிரான்ஸ் பணம் ஆயிற்றே. நம் ஊர்க்காரர்களுக்கு ஈரோ என்றால் அது வற்றாத ஊற்று என்று ஒரு நினைப்பு. கணக்கு எழுதுகிற எனக்கும் அந்த நினைப்பு இருந்தது என்பதுதான் கேவலம்.

அந்தச் சமயத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்தது. சின்ன வீடு. உடன் பிறந்தவர்களுக்குள் பாகம் பிரிப்பதற்காக அவசரமாக விற்றார்கள். என் நகையை அடகு வைத்து ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். மூன்று மாதத்துக்குள் இன்னும் எட்டு லட்சம் கொடுத்தால்தான் மிச்சத்துக்கு லோன் கிடைக்கும், கொடுக்காவிட்டால் அட்வான்சும் போய்விடும். முசியேயிடம் போய்ப் போக்கியப் பணத்தைக் கேட்டேன்.

"பணம் எங்கயும் ஓடிப் போவல மதாம். செவுத்துல இருக்குது, தரையில இருக்குது. ஒரு ஆளக் கூட்டியாங்க, அவங்க குடுக்கறத அப்படியே உங்க கையில வச்சிடறேன்."

நான் கத்தினேன். என் கணவரின் இருபத்திரண்டு வருஷம் அது, உன் வில்லாவின் கக்கூஸ் டைல்ஸ் அதில்தான் ஒட்டியது என்று மரியாதையை விட்டுக் கத்தினேன். மேல் மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நாயைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தி முடித்ததும், ஒரு காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

கோர்ட்டுக்குப் போகலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகக் கோபப்படுகிறவர் இல்லை. அன்றும் கோபமாகச் சொல்லவில்லை.

"எந்தப் பத்திரத்த எடுத்துக்கினு போவ? வாடகைன்னு பேங்க்குக்கு எழுதுனதும் நீதானே."

அதற்குப் பிறகு பத்து நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் முழுவதும் முசியே மேல்தான் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

பேங்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது அதற்கு அடுத்த வாரம். பதில் எழுதித் தரச் சொல்லி முசியே அதை என்னிடமே கொடுத்தார். அறுபது நாளுக்குள் பாக்கி முழுவதையும் கட்டாவிட்டால் முதலியார்பேட்டைக் கட்டடத்தையும் தவளக்குப்பத்து வில்லாவையும் எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்தேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இரண்டையும் ஏலத்தில் விட்டால் என்ன விலை போகும், பேங்க் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, வக்கீல் செலவு எவ்வளவு. இந்த முறை எந்த எண்ணையும் கூட்டிப் போடவில்லை. பேங்க் எடுத்தது போகக் கடைசியில் ஒன்றும் நிற்கவில்லை. பேங்க்கைப் பொறுத்தவரை அந்தக் கட்டடத்தில் ஐந்து வாடகைக் குடும்பங்கள், ஆளுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ். நாற்பத்தெட்டு லட்சம் என்று ஒரு பணம் உலகத்திலேயே இல்லை. அதை இல்லாமல் ஆக்கியது என் கை.

மற்ற நான்கு குடும்பங்களிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் ஐந்து பேரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்போம், ஒருத்தருக்கும் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஒருத்தருக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒருத்தர் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதை அழகாகச் சொல்ல ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்காக வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்தேன். ஒழுகிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயை என் செலவில் மாற்றினேன். தண்ணீர் எப்படி என்றால் இருபத்து நாலு மணி நேரமும் என்பேன். முதலில் வந்த ஆசிரியர், பதிவு செய்து தருவீர்களா என்று கேட்டார். அவரை நானே பேசிப் பேசிக் கழட்டிவிட்டேன். பதிவு செய்யப் போனால் வில்லங்கத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டாவதாக வந்தவர்களுக்கு மாடிப்படி ஆகவில்லை.

மூன்றாவதாக வந்தவள் தட்டாஞ்சாவடியில் கம்பெனி வாசலில் தள்ளுவண்டி போட்டு டிபன் விற்கிறவள். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில்தான் வண்டி. நானே அவளிடம் எத்தனையோ நாள் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், காசு குறைந்தால் நாளைக்குக் கொடுங்கள் என்று விட்டுவிடுவாள். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். ஊரில் அப்பாவின் நிலத்தை விற்றதில் அவள் பங்காக ஒன்பது லட்சம் வந்திருந்தது. வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது என்றாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், சமையலறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ நல்ல ஊட்ட ஏங்க்கா காலி பண்றீங்க?"

சொல்வதற்கு அதுதான் இடம். அந்தக் கடிதத்தின் நகல் என் கைப்பையில் இருந்தது. சோபாவில் கிடந்த அந்தப் பையை நான் பார்த்ததைக்கூட அவள் பார்த்தாள்.

"சொந்தமா ஒரு ஊடு வாங்கறோம்மா" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் மனசாரச் சந்தோஷப்பட்டாள். நமக்கும் ஒரு நாள் அந்த நேரம் வரும் என்று புருஷனிடம் சொன்னாள்.

பத்திரம் எழுதவும் என்னைத்தான் கூப்பிட்டார் முசியே. நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் அவள் ஏன் என்று கேட்பாள் என்பதால் எழுதினேன். ஒன்பது லட்சத்துக்கு ஒன்று, ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஏதோ கேட்கப் போனாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே கையெழுத்துப் போட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் வாங்கிய பணத்தில் எட்டு லட்சத்தை முசியே இந்தப் பக்கம் என்னிடம் தள்ளினார். ஒரு லட்சத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். வாக்குத் தவறாத மனுஷன்.

இரண்டு தெரு தள்ளிய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய அன்று அவளும் வந்தாள், ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்திருந்தாள். என் கணவர் அந்தக் குடத்தை இதுவரை தொட்டதில்லை. அதற்குப் பிறகு நான் அந்தத் தள்ளுவண்டித் தெரு வழியாகப் போவதை விட்டேன். சுற்றிக்கொண்டு போக ஐந்து நிமிஷம் கூடுதலாகும், ஆகட்டும்.

அறுபது நாள் முடிந்து இன்னும் இரண்டு மாதம் போன பிறகு பேங்க்காரர்கள் வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே முசியேயும் மதாமும் நாயை அவர் தம்பியிடம் விட்டுவிட்டு பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். அவர் பாஸ்போர்ட்டும் பென்ஷனும் அந்த நாட்டுடையது. நாற்பது வருஷத்துக்கு அங்கேயே உட்கார்ந்து நம் ஊர் வெயிலைப் பற்றிப் பேசலாம். அந்த ஆள் நாசமாகப் போக வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நினைத்து முடித்ததும் அடுத்து யார் என்று கேள்வி வரும், அதனால் இப்போது அதையும் குறைத்துக்கொண்டேன்.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் அவளிடமிருந்து போன் வந்தது. ஆபீசில் இருந்தேன். திட்டுவாள், திட்டட்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். என்னைத் திட்டினால் எனக்கும் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. மற்ற நான்கு குடும்பங்களும் கீழே கூடிப் பேசிக்கொண்டிருப்பதாகவும், ஆளுக்கு ஒன்று சொல்வதாகவும், தனக்கு ஒன்றும் புரியவில்லை என்றும் சொன்னாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. நீங்க கணக்குத் தெரிஞ்சவங்க. ஏலம் போனா எங்க ஒம்போது லட்சத்துல எவ்ளோ திரும்பி வரும்னு கொஞ்சம் போட்டுப் பாத்துச் சொல்றீங்களா?"

போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அந்தக் கணக்கை நான் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எப்போதோ போட்டு முடித்தாயிற்று.

"ஒன்னும் வராதும்மா" என்றேன்.

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் பேசுவது கேட்டது. பிறகு அவள், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.